காது அடைக்கிற காரம்

மிளகாயைக் கடித்துப் பார்த்துத்தான் வாங்குவேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மாங்காயைக் கீறிக் காட்டச் சொல்கிறோம். புளியை நாக்கில் வைத்துப் பார்க்கிறோம். மிளகாயை மட்டும் முகத்தைப் பார்த்து நம்பி வாங்க வேண்டுமா?

அன்றைக்கு விருத்தாசலம் மார்க்கெட்டில் தூறிக்கொண்டிருந்தது. கடைக்கு மேலே கட்டியிருந்த நீல பிளாஸ்டிக் ஷீட்டிலிருந்து தண்ணீர் சொட்டி, கொத்தமல்லிக் கட்டுகள் மேல் விழுந்தது. நான் பச்சை மிளகாய்க் குவியலில் இருந்து ஒன்றை எடுத்து, காம்பைக் கிள்ளிவிட்டு, பாதிவரை கடித்தேன். மென்றேன். காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"என்னங்க இது, மிளகாயா, வெண்டக்காய்க்குத் தம்பியா?" என்று கேட்டேன்.

கடைக்காரர் கோபப்படவில்லை. தராசுத் தட்டில் இருந்த ஈரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மழக் காயி அப்படித்தாம்மா இருக்கும். தண்ணி குடிச்சு வளந்தது. எல்லாக் கடையும் மேஞ்சிட்டு வந்திருக்கீங்க போல இருக்குது. யாருக்கு இவ்ளோ காரம்?"

"வூட்டுக்காரருக்கு."

"குடிப்பாரா?"

"அதெல்லாம் இல்லைங்க. மஞ்சக் காமாலை வந்து பத்தியம் இருந்தாரு. பத்தியம் முடிஞ்சும் சோறு எறங்க மாட்டேங்குது. காரம்னா அவருக்கு உசுரு. அதான் தேடுறேன்."

அவர் என்னைக் கொஞ்சம் பார்த்தார். வாங்க வந்தவளை அனுப்பிவிட எந்தக் கடைக்காரருக்கும் மனசு வராது. இவருக்கு வந்தது.

"அப்பன்னா கடையில தேடாதீங்கம்மா. இங்க வர்றதெல்லாம் எடைக்கு வெளையுற காயி. அந்த மாதிரிக் காரம் வேணும்னா எங்கனா வேலி ஓரத்துல தேடுங்க" என்றார்.

கொத்தமல்லி ஒரு கட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். கடித்த மிளகாய்க்கு அதுதான் மரியாதை.

நாக்கு செத்த வீடு

தொடரை இந்த வாரம்தான் பிரிக்கிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் மல்லிகா. விருத்தாசலத்தில் ஒரு சின்ன செராமிக் கம்பெனியில் பெயின்டிங் செக்‌ஷனில் இருந்தேன். பொம்மைகளுக்குக் கண்ணும் புருவமும் உதடும் வைக்கிற வேலை. என் வீட்டுக்காரர் சேகர் அதே கம்பெனியில் சூளைக்காரர். எப்போது தீ ஏற்ற வேண்டும், எப்போது அடக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. நான் கண் வரைந்த பொம்மைகளை அவர் நெருப்பில் வேகவைப்பார். எங்கள் குடும்ப வாழ்க்கையும் ஏறக்குறைய அப்படித்தான்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருக்கும். செல்போன் எங்களைப் போன்றவர்கள் கைக்கு வராத காலம். பெட்டிக்கடை வாசலில் ஒரு ரூபாய் போன் பெட்டி மஞ்சள் நிறத்தில் தொங்கும். அந்த வருஷம் ஆடிக் காற்று அடித்தபோது அவருக்குக் காமாலை வந்தது. கண் மஞ்சளாகி, நகம் மஞ்சளாகி, போர்த்தியிருந்த துண்டில்கூட மஞ்சள் ஏறியது.

டாக்டரிடமும் காட்டினோம். பக்கத்து ஊரில் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறவரிடமும் போனோம். டாக்டர் எண்ணெயும் காரமும் வேண்டாம் என்றார். கீழாநெல்லிக்காரர் உப்பு, புளியையும் சேர்த்து நிறுத்தினார். ஆக, வீட்டில் மிஞ்சியது மோரும் சோறும்.

என் மாமியார் ஒரு சட்டம் போட்டார். "அவன் வாயக் கட்டிக்கிட்டு இருக்கும்போது நம்ம மட்டும் தாளிச்சுத் தின்னா நல்லாவா இருக்கும்?" என்று எல்லோருக்கும் பத்தியம். அம்மியில் மிளகாய் வைத்துப் பல வாரம் ஆனது. குழவி சுத்தமாக வெளுத்துப்போய்க் கிடந்தது. நான் அவ்வளவு உத்தமி இல்லை. கம்பெனிக்குப் போய் அஞ்சலையின் டப்பாவில் இருந்து ஊறுகாயை எடுத்து நக்கிக்கொள்வேன். அஞ்சலை எனக்கு அடுத்த பலகையில் உட்கார்ந்து பொம்மைக்கு ஜாக்கெட் வரைகிறவள். தன் டப்பாவை யாரும் தொட்டால் கையில் அடிப்பாள். அந்த மாதங்களில் மட்டும் என்னை அடிக்கவில்லை.

மஞ்சள் போனது. டாக்டரும் கீழாநெல்லிக்காரரும், இனி கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டார்கள். அதிசயமாக இருவரும் ஒரே பேச்சைப் பேசினார்கள். நான் அன்றைக்கே ரசம் வைத்தேன். அடுத்த நாள் கத்திரிக்காய்க் காரக்குழம்பு. அதற்கடுத்த நாள் துவையல். எதையும் ஒரு வாய்க்கு மேல் அவர் தொடவில்லை.

"வாய் மண்ணா இருக்குது மல்லி. எனக்காக எதுவும் செய்யாத" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

திருவிழாவில் வடத்தைப் பிடித்து இழுத்த ஆள். தோள் எலும்பு சட்டைக்கு மேல் தெரிந்தது. மனுஷனுக்குப் பசி போய்விட்டால் அப்புறம் வேறு எதைச் சொல்லி எழுப்புவது? இவர் இப்படியே கரைந்து போய்விடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. சோற்றுத் தட்டை எடுத்துக் கழுவும்போதெல்லாம் அழுகை வந்தது.

என் மாமியார் பயத்துக்கு வேறு வழி வைத்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரமிளகாய், கல் உப்பு, தெருமண் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து மகனைச் சுற்றி, அடுப்பில் போட்டார். சட்சட் என்று வெடித்தது. யாருக்கும் தும்மல் வரவில்லை.

"பாத்தியா? ஒரு கமறல் உண்டா? எத்தினி பேர் கண்ணு பட்டிருக்குது எம் புள்ள மேல" என்று கண்ணைத் துடைத்தார்.

கண் பட்டிருந்தால் மிளகாய் எரிந்தாலும் நெடி வராது என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. அது ரேஷன் கடைக்குப் பக்கத்துக் கடையில் நான் வாங்கிய மிளகாய். ஈரத்தில் பூத்துப்போயிருந்தது. நெடி இருந்தால்தானே வருவதற்கு.

ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. வீட்டில் இருக்கிற மிளகாயிலேயே உயிர் இல்லை. அதை அரைத்து வைத்துவிட்டு, செத்த நாக்கு எழுந்திருக்கவில்லையே என்று நான் அழுதுகொண்டிருக்கிறேன். மறுநாள்தான் மார்க்கெட்டுக்குப் போய்க் கடை கடையாகக் கடிக்க ஆரம்பித்தேன்.

"எதுக்கு?"

காரத்துக்கும் எங்களுக்கும் உள்ள உறவைச் சொல்லாமல் மேலே போனால், ஒரு பெண்பிள்ளை மிளகாய்க்காக ஏன் இவ்வளவு அலைந்தாள் என்று உங்களுக்குப் புரியாது.

எங்கள் கம்பெனியில் மத்தியானச் சாப்பாடு சூளைக் கொட்டகைக்குப் பக்கத்தில்தான். சூளை ஆறிக்கொண்டிருக்கிற நாளில் அதன் சுவர் இதமாகச் சுடும். டப்பாவைச் சுவரோரம் வைத்தால் சோறு சூடாகவே இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. வரமிளகாயும் பூண்டும் வைத்து அரைத்த துவையல் கொண்டுபோயிருந்தேன். எங்கள் வீட்டில் அதற்கு நல்லெண்ணெய் குழி நிறைய ஊற்றித்தான் தொடுவோம். சூளைக்காரர் ஒருத்தர், அதுவரை என்னிடம் பேசியதே இல்லை, "தக்காளித் தொக்கா? கொஞ்சம் குடுங்க" என்று கையை நீட்டினார். நான் சொல்வதற்குள் ஒரு விரல் நிறைய வழித்து வாயில் போட்டுக்கொண்டார்.

எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். முதலில் காது சிவந்தது. பிறகு நெற்றி. பிறகு இரண்டு கண்ணில் இருந்தும் தண்ணீர் கொட்டியது. மீசையெல்லாம் நனைந்தது.

"தண்ணி வேணுமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு?" என்றார்.

அவ்வளவுதான். அஞ்சலை அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரை ஏறியது. நான் சிரிக்கவில்லை. இந்த ஆள் பொய் சொன்னால் முகத்திலேயே தெரிந்துவிடும், இவரோடு நிம்மதியாகக் குடித்தனம் பண்ணலாம் என்று தோன்றியது. அடுத்த வைகாசியில் கல்யாணம்.

டி.வி.எஸ். ஃபிஃப்டியில் ஒரு சுற்று

கல்யாணம் ஆன பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் மற்ற ஜோடிகள் சினிமாவுக்குப் போனார்கள். நாங்கள் காரம் தேடிப் போனோம். அவரிடம் ஒரு பழைய டி.வி.எஸ். ஃபிஃப்டி. மேட்டில் ஏறும்போது நான் இறங்கி நடக்க வேண்டும்.

பெண்ணாடத்துக்குப் போவோம். கரும்பு வெட்டு நடக்கிற மாதங்களில் சர்க்கரை ஆலைக்கு முன்னால் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். காற்றெல்லாம் வெல்லப்பாகு வாசனை, கொஞ்சம் புளிப்பாக. அந்த வரிசைக்குப் பக்கத்தில் ஒரு அம்மா தள்ளுவண்டியில் மிளகாய் பஜ்ஜி போடுவார். மிளகாயைக் கீறி விதையை எடுக்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது. தொட்டுக்கொள்ள ஒரு சிவப்புச் சட்னி வேறு. ராத்திரியெல்லாம் வண்டியில் காத்திருந்த டிராக்டர் டிரைவர்களுக்குத் தூக்கம் கலைய வேண்டாமா? மூக்கில் இனிப்பும் நாக்கில் நெருப்புமாக நின்று சாப்பிடுவோம். அப்படி ஒரு சேர்க்கை பிறகு எங்கேயும் எனக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிற மங்களூர் பக்கம் போனால், தைக்குப் பிறகு களத்துமேட்டில் மிளகாய் காயப்போட்டிருப்பார்கள். வண்டியை நிறுத்திவிட்டு இவர் போய் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்ப்பார். காவலுக்கு இருக்கிறவர் முதலில் முறைப்பார். இவர் அதைக் கடித்து, தலையை ஆட்டி, "போன வருஷத்துக்கு இது ஒரு படி மேல" என்று சொன்னதும் அவர் முகம் மாறிவிடும். ஒரு கை அள்ளி என் முந்தானையில் போடுவார்.

இப்படிச் சுற்றிச் சுற்றி எங்களுக்குள் ஒரு அளவுகோல் உண்டாகிவிட்டது. உதட்டுக் காரம் என்றால் வெறும் எரிச்சல், பஸ் ஸ்டாண்டு சால்னா மாதிரி. தொண்டைக் காரம் என்றால் மிளகு, நண்டு ரசம். இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது. அது காதுக் காரம். கடித்ததும் ஒன்றும் தெரியாது. பிறகு மெதுவாக ஏறி, இரண்டு காதும் அடைத்துக்கொள்ளும். வெளிச் சத்தமெல்லாம் தூரமாகப் போய்விடும். அது அடங்கும்போது உடம்பு லேசாகி, வயிறு நிறையச் சோறு கேட்கும்.

"காது அடைக்கணும் மல்லி. அப்பத்தான் அது காரம்" என்பார்.

அந்தக் காரம்தான் எனக்கு இப்போது வேண்டியிருந்தது.

கம்மாபுரத்து வேலி

மார்க்கெட் கடைக்காரர் சொன்னதை அஞ்சலையிடம் சொன்னேன். அவள் பொம்மையின் ஜாக்கெட்டுக்குப் பச்சை அடித்துக்கொண்டே, "எங்க சித்தி வூட்டு வேலியில ஒண்ணு இருக்குது. ஊசி மிளகா. அத தொட்ட கையோட கண்ணக் கசக்கி ஒருநாள் பூரா நான் குருடியா கெடந்தேன்" என்றாள்.

"இத்தினி நாளா சொல்லல பாரு."

"நீ கேக்கலியே."

அவளுடைய சித்தி கம்மாபுரத்துக்குப் பக்கத்து ஊர். லீவு போட்டுவிட்டு இருவரும் பஸ் ஏறினோம். பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது, தூரத்தில் நிலக்கரிச் சுரங்கத்து மண்மேடு மழையில் நனைந்து மலை மாதிரி தெரிந்தது. ஊரில் பாதிப் பேச்சு நிலம் எடுப்பதைப் பற்றித்தான். யார் கையெழுத்துப் போட்டார்கள், யாருக்கு எங்கே மாற்று இடம் என்று டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சித்தி ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஆட்டை விட்டுவிட்டு எங்களைக் கொல்லைக்குக் கூட்டிப்போனார். முள்வேலியோரம், வேப்பமரத்து நிழலில், இடுப்பு உயரத்தில் ஒரு செடி. இலைக்கு மேலே விரல் நகம் அளவுக்குச் சின்னச் சின்ன மிளகாய்கள், தலை குனியாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. பச்சை, வெள்ளை, செம்மஞ்சள், சிவப்பு என்று எல்லா நிறத்திலும் இருந்தன.

"நாங்க நட்டது இல்ல. குருவி எச்சத்துல வந்தது. எங்க வூட்ல யாரும் தொட மாட்டாங்க. வேணுங்கறத பறிச்சுக்க" என்றார்.

பழக்க தோஷம், நான் ஒன்றைப் பறித்துக் கடித்தேன். ஒன்றும் தெரியவில்லை. இதற்கா பஸ் ஏறினோம் என்று அஞ்சலையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஏதோ சொன்னாள். வாய் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. இரண்டு காதும் அடைத்துக்கொண்டன. வேப்பமரத்துக் காக்கை கத்தியது எங்கேயோ அடுத்த ஊரில் கேட்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சித்தி சொம்பில் மோர் கொண்டுவந்தார். "காமாலக்காரனுக்கா இத குடுக்கப் போற? பச்சையா குடுத்துடாத, வயிறு வெந்துடும். மோர்ல உப்பு போட்டு ஊற வச்சு, நல்லா காய வையி. காரம் கொஞ்சம் அடங்கும். அப்பறம் வறுத்துக் கஞ்சிக்குக் குடு" என்றார்.

பஸ்ஸில் நின்றுகொண்டு திரும்பும்போது விரல் பத்தும் காந்தியது. மறந்துபோய் முகத்தைத் துடைத்தேன். அப்புறம் விருத்தாசலம் வரைக்கும் கண்ணில் இருந்து தாரை தாரையாகத் தண்ணீர். கண்டக்டர் டிக்கெட் கிழிக்காமல் நின்று, "துக்கத்துக்குப் போயிட்டு வரீங்களாக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். அஞ்சலை முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியதைப் பார்த்து அவளும் அழுகிறாள் என்று நினைத்து, ஒரு பெரியவர் எழுந்து எங்கள் இருவருக்கும் இடம் விட்டார்.

பெரிய சூளையும் சின்ன சூளையும்

வாய் கோணிப்போய்க் கழித்த பீங்கான் ஜாடி ஒன்று வீட்டில் இருந்தது. செராமிக் கம்பெனிக்காரர்கள் வீட்டில் கோணல் இல்லாத பாத்திரம் எது? அதில் மோர் ஊற்றி, மிளகாயை ஊறவைத்தேன். காயவைக்கத்தான் வெயில் இல்லை. கார்த்திகை மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டே இருந்தது.

வெயிலைப் பற்றி எங்கள் கம்பெனிப் பெண்கள் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. தீ அணைத்த சூளை முழுசாக ஆறச் சில நாள் ஆகும். அந்த நாள்களில் அதன் முதுகு, இட்லிச் சட்டியின் மூடி மாதிரிச் சுடும். மழைக்காலத்தில் வடகம், வற்றல், குழந்தைத் துணி எல்லாம் அங்கேதான் காயும். முதலாளி பார்த்தும் பார்க்காத மாதிரிப் போவார். அவர் வீட்டு அப்பளமும் அங்கேதான் காய்ந்தது.

கொட்டகைக்குள் இரண்டு சூளைகள். பெரிய சூளை அப்போது ஆறிக்கொண்டிருந்தது. சின்ன சூளையில் அகல் விளக்குகளை அடுக்கித் தயாராக வைத்திருந்தார்கள். என் முறத்தைப் பெரிய சூளையின் முதுகில் வைத்தேன். இரண்டாம் நாளே மிளகாய் சுருங்கி, வெளுத்து, நல்ல பதம் வந்துவிட்டது. இன்னும் ஒரு நாள் போதும்.

அன்று சாயங்காலம் நாங்கள் போன பிறகு பெரிய மழை. பெரிய சூளைக்கு மேலே கூரை ஒழுகியது. என் வீட்டுக்காரருக்குப் பதிலாகச் சூளை பார்த்துக்கொண்டிருந்த குப்புசாமி அண்ணன் நல்ல மனுஷர். ஒரு பெண்பிள்ளை பாடுபட்டுக் கொண்டுவந்தது நனைகிறதே என்று முறத்தை எடுத்துச் சின்ன சூளையின் முதுகில், ஆவி போகிற ஓட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். அப்போது அது பச்சைத் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்து கிடந்தது.

காலையில் அதில்தான் தீ வைத்தார்கள். முறத்தைப் பற்றி அண்ணனுக்கு ஞாபகமே இல்லை. ஆற வேண்டிய சூளை மேலே இருப்பதாகவே நானும் நினைத்துக்கொண்டு பொம்மைக்குக் கண் வரைந்துகொண்டிருந்தேன்.

நெடி

சாப்பாட்டு மணி அடிக்கப் போகிற நேரம். முதலில் அஞ்சலை தும்மினாள். பிறகு அவளுக்கு அடுத்தவள். நான் புருவம் வைத்துக்கொண்டிருந்த பொம்மைக்கு அந்தத் தும்மலில் புருவம் காது வரைக்கும் போனது. அதற்குள் தொண்டையில் யாரோ கையை விட்ட மாதிரி ஒரு கமறல். எல்லோரும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினோம்.

மழைக்கால ஈரக் காற்று. புகை மேலே போகாமல் தரையோடு தரையாகப் பரவியது. பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் வெளியே வந்தார்கள். அதற்கடுத்த கம்பெனியும் காலியானது. ரோட்டில் போன டீக்கடை சைக்கிள்காரர் வண்டியைப் போட்டுவிட்டு மரத்தைப் பிடித்துக்கொண்டு இருமினார். முதலாளி கைக்குட்டையை வாயில் வைத்தபடி ஏதோ திட்ட வந்தார். திட்டு ஒவ்வொரு தடவையும் தும்மலாக மாறிப்போனது.

குப்புசாமி அண்ணன் மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போய் முறத்தை ஒரு கம்பியால் தள்ளிக் கீழே விழவைத்தார். கரியாகப் போன முறத்தை வெளியே இழுத்துப் போட்டு, "தங்கச்சி, மழயில நனையுதேன்னு நான்தாம்மா மாத்தி வச்சேன்" என்றார். அவர் கண்ணிலும் தண்ணீர். அவரை நான் என்ன சொல்வது?

நான் கரியைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தச் செடியில் பறிக்க இனிப் பிஞ்சுகள்தான் இருந்தன. திரும்பக் காய்க்கிறவரைக்கும் அவர் தாங்குவாரா? அஞ்சலை என் முதுகைத் தட்டி, "ஊருக்கே சுத்திப் போட்டுட்ட போ" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போதுதான் கேட் பக்கம் ஒரு தும்மல் கேட்டது. எந்தக் கூட்டத்திலும் எனக்குத் தெரிகிற தும்மல். அடிவயிற்றில் இருந்து கிளம்பி, ஊருக்கே சொல்லிவிட்டு வருகிற தும்மல். பல மாதமாக நான் அதைக் கேட்கவில்லை.

எங்கள் வீடு கம்பெனிக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி. நெடி அங்கேயும் போயிருக்கிறது. கைலியும் போர்வையுமாக, சுவரைப் பிடித்துப் பிடித்து அவர் நடந்து வந்துகொண்டிருந்தார். பின்னால் அவர் அம்மா, இருமிக்கொண்டே, "நெடி வந்துடுச்சு, எம் புள்ளைக்கு நெடி வந்துடுச்சு" என்று எதிரில் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

அவர் முறத்தின் பக்கத்தில் குந்தி, கரியில் ஒன்றை எடுத்து முகர்ந்தார். இன்னொரு தும்மல்.

"எந்த ஊரு மிளகா இது?"

"கம்மாபுரத்துப் பக்கம். வேலியில இருந்தது. உங்களுக்குத்தான் காய வச்சேன்" என்றேன்.

அவர் சின்ன சூளையை நிமிர்ந்து பார்த்தார். புகைபோக்கியைப் பார்த்தார். "குப்புசாமிண்ணே, தீய கொஞ்சம் அடக்குங்க. அகலு வெடிச்சுடப் போவுது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரிக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"பசிக்குது மல்லி."

நான் என் டப்பாவைத் திறந்தேன். பத்தியம் முடிந்தும் வீட்டில் தொடர்ந்துகொண்டிருந்த மோர்க் கஞ்சிதான் அதில் இருந்தது. தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. கஞ்சியை வைத்துக்கொண்டு நான் முழிப்பதை அஞ்சலை பார்த்தாள். தன் டப்பாவின் மூடியை எடுத்து எங்களுக்கு நடுவில் வைத்தாள். அதில் ஒரு கை மோர் மிளகாய், கருக வறுத்தது, எண்ணெய் மினுமினுத்தது.

"நேத்து நீ பாக்காதப்ப முறத்துல இருந்து அள்ளிட்டேன். ருசி பாக்கத்தான்" என்றாள். அவளை நான் கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்டபடியே முதுகில் ஒரு அடியும் வைத்தேன்.

அவர் ஒரு மிளகாயை எடுத்து முழுசாக வாயில் போட்டு மென்றார். ஒரு வாய்க் கஞ்சி குடித்தார். தும்மி ஓய்ந்த கூட்டம் எங்களைச் சுற்றி நின்றது. முதலாளிகூடத் திட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு அவர் காது சிவந்தது. நெற்றி வேர்த்தது. எலும்பாகிப்போன அந்தக் கன்னத்தில் இரண்டு பக்கமும் கண்ணீர் ஓடி மீசையை நனைத்தது.

"தண்ணி வேணுமாங்க?" என்று கேட்டேன்.

அவருக்குக் காது கேட்கவில்லை. என் உதடு அசைவதைத்தான் பார்த்திருக்க வேண்டும். அடுத்த மிளகாயைக் கையில் எடுத்துக்கொண்டே, ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார்.

"எதுக்கு?"